வெள்ளைக் கார் யாருடையது?

மறுபடியும் கும்பிடும் கைகள்.

கைபேசியைக் கட்டிலில் வீசினாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து இதே கூத்துதான்.

"தங்கள் பொன்னான நேரத்தில் சற்றே ஒதுக்கி, ஓர் உயிர் காக்க உதிரம் தாரீர்" என்று முதலில் எழுதியிருந்தாள். எவ்வளவு யோசித்து எழுதியது!

கும்பிடும் கைகள் வந்தன.

பிறகு கெஞ்சினாள். "உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து..."

சீக்கிரம் குணமாகப் பிரார்த்திப்பதாகப் பலர் சொன்னார்கள். ஒருவர் ரோஜாப்பூ அனுப்பியிருந்தார், காலை வணக்கத்தோடு.

ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? ஊசியில் ஏற்றவா?

நாளை அவள் கணவனுக்கு அறுவை சிகிச்சை. ஏற்றப்போகும் இரத்தத்துக்கு ஈடாக, இன்றைக்குள் இரண்டு பேர் வந்து கொடுக்க வேண்டும். எந்தப் பிரிவானாலும் சரி. இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போனால் உடம்பு தாங்காது என்றும் அவர்களேதான் சொன்னார்கள். நல்ல நியாயம்! அவளே கொடுக்கலாமென்று போனால், சோகை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. கீழே எல்லாக் கார்களும் நின்றன. எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கைபேசியை எடுத்தாள். இந்த முறை யோசிக்கவே இல்லை.

"கேட் பக்கம் நிக்கிற வெள்ளைக் கார் யாருது? யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்க. உடனே கீழ வாங்க."

அவள் படியிறங்கி வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. லுங்கியோடு ஒருவர். பாதி சவரத்தோடு ஒருவர். காரே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

"எங்கம்மா இடிச்சிருக்கு?" சங்கச் செயலாளர் மோகனரங்கம் தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காருக்கு ஒண்ணும் ஆகல சார். என் வீட்டுக்காரருக்குத்தான் ஆகியிருக்கு."



"இதெல்லாம் விளையாட்டா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கூட்டம் லிஃப்ட் பக்கம் நகர்ந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மோகனரங்கத்தின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இப்படிப் பொய் சொல்லிக் கூப்பிடக்கூடாதும்மா."



அவர் கார்க் கதவைத் திறந்தார். முன் இருக்கையில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார். பிறகு லிஃப்ட் பக்கம் திரும்பி, பாதி சவரத்தோடு நின்றவரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் சபேசன், டிபன் சாப்டாச்சுல்ல? மூஞ்சியத் தொடச்சிட்டு வந்து ஏறுய்யா!"