எதிர்வீட்டு ஜன்னல்

"ஏன்னா, நாம போக வேண்டாம். சொன்னாக் கேளுங்கோ."

பட்டுப் புடவை கட்டி முடித்த பிறகும் நாகலக்ஷ்மி இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதிர்வீட்டுப் பையன் ஆல்பம் வெளியிடறான். முதல் காப்பியை என் கையிலதான் தருவேன்னு வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கான். போகாம இருந்தா நன்னாவா இருக்கும்?" என்றார் கணபதிராமன். ரயில்வேயில் ரிடையர் ஆனவர்.

"உங்களை எதுக்குக் கூப்பிடறான்? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கத்தான். அந்த ஜன்னல் விஷயத்தை எடுத்தான்னா?"

"எடுக்கட்டுமே. நான் பார்த்துக்கறேன்."

விஜயநகரில் அவர்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். எதிர்வீட்டு பரத்வாஜ் ஜாஸ் பியானோவில் புலி. வெளிநாட்டில் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். இங்கேயோ, சாயங்காலம் அவன் வாசிக்க உட்கார்ந்தால் கணபதிராமன் வீட்டு ஜன்னலை டமால் என்று சாத்துவார்கள். என்றைக்காவது ஒருநாள் திறந்திருந்தால் அதிசயம்.

விழா மண்டப வாசலிலேயே பக்கத்து வீட்டு வைஷாலி பிடித்துக்கொண்டாள். "அங்கிள், இங்கயும் ஜன்னல் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க!"

"என் கை சும்மா இருக்காதேம்மா," என்று சிரித்தார். யார் கேட்டாலும் சொல்கிற பதில். நாகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடையில் பரத்வாஜ் கன்னடத்தில் நமஸ்காரம் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் தாவினான்.

"இத்தனை வருஷம் ரெக்கார்ட் பண்ணினதுல நல்லதாப் பொறுக்கி, ஒரே ஆல்பமாப் போட்டிருக்கேன். எதை வைக்கிறது, எதைத் தள்ளறதுன்னு எப்படி முடிவு பண்ணினேன் தெரியுமா? எங்க எதிர்வீட்டு மாமா ஜன்னலை வெச்சு!"

மண்டபமே சிரித்தது. போச்சு, மானம் போச்சு. நாகலக்ஷ்மி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. என் விரல் வேகத்தைக் காட்டணும்னு வாசிச்சாப் போதும், டமால்! மனசு விட்டு வாசிச்சா ஜன்னல் திறந்தே கிடக்கும். முதல்ல கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த ஜன்னலுக்குப் பயந்தே வாசிச்சேன். கை தட்டறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கு. ஜன்னலைச் சாத்தறதுக்கு இவர் ஒருத்தர்தானே! அது சாத்தாத பாட்டு மட்டும்தான் இந்த ஆல்பத்துல இருக்கு. மாமா, மேல வாங்க!"

ஒரே கைதட்டல். வைஷாலி எழுந்தே நின்றுவிட்டாள்.

கணபதிராமன் மேடை ஏறினார். அவன் நீட்டிய ஆல்பத்தை விட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஜாஸும் தெரியாது, கீஸும் தெரியாது. நீ வாசிக்கிற நேரத்துல நான் உள் ரூம்ல பேப்பரும் கையுமா இருப்பேன். ஒருநாள்கூட அந்த ஜன்னலைச் சாத்தினது நான் இல்லை."

வைஷாலியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்த மனைவியை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"திட்டெல்லாம் நான் வாங்கிண்டாச்சு. இந்த ஆல்பத்தை நீ வந்து வாங்கிக்கோ, லக்ஷ்மி."