பஞ்சை அழுத்தும் நேரம்

அவன் கையை மேசைமேல் நீட்டி வைத்தான்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாயிற்று. வழக்கமாக நேரே ஊசிதான். இன்று ஊசிக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது.

அதில் தேறினாலும் போயிற்று. தோற்றாலும் போயிற்று.

*

மாணவர் சங்கத்தில் ஆணும் பெண்ணுமாய் நூற்றுப் பத்துப் பேர். நர்சிங், பார்மசி, பிசியோ, லேப் என்று கல்லூரியின் எந்தப் பிரிவில் படித்தாலும் சேரலாம். சேரும்போது மெழுகுவர்த்தி பிடித்து உறுதிமொழி எடுக்க வேண்டும். இன்று முதல் நாம் உடன்பிறப்புகள்.

ஆக அவனுக்கு நூற்றொன்பது உடன்பிறப்புகள். போன பிறந்தநாளுக்கு இரண்டு வாழ்த்து வந்தது. ஒன்று வங்கியிலிருந்து.

ஆனால் அவன் கை எல்லோருக்கும் தெரியும். நரம்பு அப்படி. பச்சையாய், தடியாய், கண்ணைக் கட்டிவிட்டாலும் குத்தலாம். சனிக்கிழமை மதியப் பயிற்சியில் புதியவர்களின் முதல் ஊசி அவன் கையில்தான். மூலையில் மேடம் நோட்டுத் திருத்திக்கொண்டே ஒரு கண் வைத்திருப்பார். பாதிப் பேர் போனில் அவனை 'நரம்பு அண்ணா' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் முழிப்பார்கள்.

ரத்தம் எடுத்ததும், குத்தியவரே பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது பாடம்.

அவன் பாடத்தை மாற்றினான்.

"எனக்கு ரத்தம் சீக்கிரம் நிக்காது. அஞ்சு நிமிஷம் பிடிக்கணும்."

முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது. பிறகு பழகிவிட்டது.

கூடுதலாகக் கிடைத்த அந்த மூன்று நிமிடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால் பேசுவார்கள். அரியரைப் பற்றி, அக்கா கல்யாணத்தைப் பற்றி, விடுதிச் சாம்பாரைப் பற்றி. ஒருத்தி அழுதே இருக்கிறாள். அவன் தலையாட்டிக்கொண்டிருப்பான். ஒரு கை அவன் கையைப் பிடித்திருக்கும்.

அவனுக்கு வாரம் என்பதே அதுதான்.

அறைக்குப் போனால் திங்கட்கிழமை வரை பேச ஆள் கிடையாது. பரோட்டாக் கடையில் "எத்தனை?" என்பார்கள். அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

கெடுத்தது ஜோவிதா. வேண்டுமென்று அல்ல, அக்கறையால்.

லேப் முதலாமாண்டு. போன சனிக்கிழமை ஐந்து நிமிடமும் வாயைத் திறக்காமல் கடிகாரத்தையே பார்த்தபடி அழுத்தினாள். முடிந்ததும் நேரே செயலாளர் நிலோபரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

நிலோபர் கறாரானவள்.

"ரத்தம் நிக்காதவர் கையில போய்ப் பழகலாமா? அடுத்த வாரம் நீயே டெஸ்ட் பண்ணிப் பாரு. சரியில்லன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துரலாம்."

சோதனை மோசமாக வந்தால் அவன் கை வேண்டாம். நன்றாக வந்தால் இரண்டு நிமிடம் போதும்.

அவன் லேப் மூன்றாமாண்டு. எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

*

ஜோவிதா அவன் விரல் நுனியில் குத்தினாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள்.

முதல் பொட்டு, கடலை அளவு.

அடுத்தது மிளகு.

அடுத்தது கடுகு.

நான்காவது தடவை தாள் வெள்ளையாகவே வந்தது.

இன்னொரு முறை ஒற்றினாள். வெள்ளைதான்.

இரண்டே நிமிடம். ஊரில் எல்லோருக்கும் நிற்பதுபோல் அவனுக்கும் நின்றுவிட்டது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தான். காது சுட்டது. மூன்று நிமிடத்துக்காகப் பொய் சொன்னவன் என்று இன்றைக்கே சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்துவிடும். கூடவே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வரும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமையைத்தான் முடியாது.

"என்ன வந்துச்சு?" நிலோபர் தன் மேசையிலிருந்து கேட்டாள்.

ஜோவிதா தாளை இரண்டாக மடித்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்லக்கா. அண்ணன் இருக்கட்டும்."

நிலோபர் பட்டியலில் டிக் அடித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள்.

*

ஜோவிதா அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். தடவிப் பார்த்தாள். குத்தினாள். வலிக்கவில்லை. குழாய் நிறைந்ததும் ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

போதும் என்று அவனே சொல்லிவிட நினைத்தான். நியாயம் அதுதான். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வரிசையில் அடுத்து நின்ற பார்மசிக்காரன் ஊசி உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சுதா?"

ஜோவிதா திரும்பவில்லை. பஞ்சிலிருந்து கையை எடுக்காமல், பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் நிக்கல" என்றாள்.