பன்னிரண்டாம் வரி

பழைய லத்தீன் மேடைப்பேச்சு ஒன்றுக்கு விளக்கவுரையோடு கூடிய பதிப்பை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் வேலை சிவப்புப் பென்சிலின் தலையில் விழுந்தது. போன வருடம் அந்தப் பேச்சின் பன்னிரண்டாம் வரி புரியாமல் பாதி மாணவர்கள் வகுப்பை விட்டே போயிருந்தார்கள்.

மேசையில் இருந்த இரண்டு பதிப்புகளில் தடித்த பதிப்பு முந்திக்கொண்டது. "என்கிட்ட எண்ணூறு குறிப்பு இருக்கு. ரோம் ஒரு நகரம்னுகூட விளக்கியிருக்கேன்."

"பன்னிரண்டாம் வரிக்கு?"

"பொருள் வெளிப்படைன்னு போட்டிருக்கேன்."

பென்சிலுக்குக் கூர் உடைகிற அளவுக்கு எரிச்சல் வந்தது. "அப்படின்னா இப்பவே சொல்லுங்களேன்."

தடித்த பதிப்பு அட்டையை மூடிக்கொண்டது.

பென்சில் அலுப்போடு ஒல்லிப் பதிப்பிடம் திரும்பியது. "உங்களுக்கும் வெளிப்படைதானா?"

"இல்லைங்க. தனக்கே சரியா விளங்கலைன்னு உரைகாரர் எழுதியிருக்கார். யோசிச்சுப் பார்த்த மூணு வழியையும் கீழே கொடுத்திருக்கார்."

மூடிய அட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தெரியாதுங்கிறதையா பாடமா வைக்கப் போறீங்க?"

பென்சில் வாங்க வேண்டிய புத்தகப் பட்டியலில் எழுதியது: ஒல்லிப் பதிப்பு, முப்பது பிரதி.