நான்காவது பிளக்

நான்கில் ஒன்று தேறும் போலிருந்தது.

அடுப்படித் தரையில் செய்தித்தாளை விரித்து நான்கையும் கிடத்தியிருந்தாள். பழைய ஸ்பார்க் பிளக்குகள். காருக்குப் புதிது மாற்றிய அன்று அவள் புருஷன் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் தள்ளியவை.

ஒன்றின் முனையில் கரி அப்பியிருந்தது. ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. இன்னொன்றின் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல ஒரு விரிசல்.

நான்காவது டீ நிறத்தில் இருந்தது.

"டீ கலர்ல இருந்தா இஞ்சின் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு கெட்டாலும் நாலையும் சேர்த்துத்தான் மாத்தோணும்."

அவன் சொன்னதுதான். அன்றைக்கு அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டே போனான்.

உப்புத்தாளால் முனையைத் தேய்த்தாள். அவன் கடையின் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து இடைவெளியில் விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக நுழைந்தது.

அதுவும் அவன் சொன்ன அளவுதான்.

கார் சாவி எப்போதும் நிலைக்கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கும். அவன் அதை ஒளித்து வைப்பதில்லை.

அதுதான் அவளுக்கு எரியும்.

ஆடியில் ஒரு நாள், மகள் தர்ஷினியைப் பின்சீட்டில் உட்காரவைத்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பொள்ளாச்சி ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் அவனுக்குத் தெரிந்த ஆள் நின்றிருந்தான். ஒரு போன். அவ்வளவுதான்.

அவளுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். பிறகு ஸ்கூட்டரில் கடைக்கு. மூன்று பிளக்கோடும் வண்டி கிளம்பத்தான் செய்யும். திறந்து கிடக்கும் ஓட்டை வெடிக்கிற சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஒரு முறை முடுக்கிக் காட்டினான்.

"திருடன் சாவிதான் கொண்டு வருவான். இதையுமா கொண்டு வருவான்?"

பையைத் தட்டிக் காட்டுவான். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள்.

பஸ்ஸில் போகலாம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது அவன் பெயின்ட் கடை. அவன் இல்லாத நாளிலும் கடைப் பையன்கள் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சரக்கெடுக்கப் பஸ்ஸில் கோயம்புத்தூர் போகிறான். அன்றைக்குத்தான். இந்த முறை பழனி ரோடு. பழனியில் கூடப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். வா என்றிருக்கிறாள்.

இன்று புதன். இன்று சும்மா பார்ப்பதற்கு மட்டும்.

பிளக் ஸ்பேனர் கடையில் இருந்தது. பழைய கேஸ் டியூபில் ஒரு சாண் வெட்டி வைத்திருந்தாள். ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்து, பிளக்கின் தலையை அதில் செருகி இஞ்சின் குழிக்குள் இறக்கினாள். மெல்லத் திருகினாள். மரை பிடித்தது. கையால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுகியது. மேலே வயரை அழுத்தினாள்.

டக்.

பானெட்டை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

பிடித்துக்கொண்டது.

வெடிக்கவில்லை. இருமவில்லை. நல்ல காதைச் சாய்த்துக் கேட்டாள். நான்கும் சீராக ஓடின.

உடனே அணைத்திருக்க வேண்டும். கை வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் திடுக்கிட்டு அணைத்தாள்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தவமணியின் தலை.

"ஏனக்கா, வண்டிச் சத்தம் கேட்டுச்சு? அண்ணன் இன்னைக்குக் கடைக்குப் போகலீங்களா?"

"ரோட்டுல ஏதோ வண்டி போச்சு."

"அதானே பாத்தேன். அண்ணன் பாக்கெட்டுல கெடக்கறது இங்க எப்படிச் சத்தம் போடும்!"

சிரித்துக்கொண்டே தலை இறங்கியது.

பிளக்கைக் கழற்றி மறுபடி டப்பாவில் போட்டுவிட்டால் ஆயிற்று. டியூபை எடுத்துக்கொண்டு பானெட்டில் கை வைத்தாள்.

கை தானாகப் பின்வாங்கியது.

மத்தியானம் அவன் சாப்பிட வருவான். ஸ்கூட்டரை நிறுத்தியதும் அதுதான் முதல் வேலை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றமாட்டான். காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் உள்ளங்கையை வைப்பான். ஆடிக்குப் பிறகு ஒரு நாளும் தவறியதில்லை.

நிறம் நினைவிருந்தது. அளவு நினைவிருந்தது. இது எப்படி மறந்தது?

ஈரச் சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினாள். சாக்குதான் சூடானது. மறுபடி நனைத்தாள். மறுபடி போர்த்தினாள். வண்டி நின்றது ஷெட்டுக்குள். வெயில் மேல் பழி போடவும் வழியில்லை.

உள்ளே குக்கர் விசிலடித்தது. அவனுக்கான சோறு.

போய் அடுப்பை அணைத்தாள். துணிமணி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. அதற்கு வியாழக்கிழமை இருந்தது.

கையால் இறுக்கிய பிளக் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவன் சொன்னதில்லை.

சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைக்காமலே இறங்கினாள்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போகோணுங்க. காய்ச்சல்."

"காலைல குதிச்சுட்டுத்தானுங்க உள்ள போச்சு," என்றபடியே வாட்ச்மேன் வகுப்புப் பக்கம் நடந்தார்.

தர்ஷினி குதித்துக்கொண்டுதான் வந்தாள். காரைப் பார்த்ததும் நடை நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பின்கதவைத் திறந்து ஏறினாள். பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலே தலை தெரியாதபடி சீட்டில் படுத்துக்கொண்டாள்.