வேங்கைக்கு வந்த பதில்

“என்ன பாய், வாயடைச்சுப் போச்சா?” என்று ராத்திரி போனில் தட்டி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார் சுருளிவேல். பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

திராட்சை விவசாயிகளின் முகநூல் குழுவில் அவர் பெயர் ‘கோம்பை வேங்கை’. முகத்துக்குப் பதில் தன் நாயின் படத்தை வைத்திருந்தார். அடுத்தவர் நாயை வைக்க மனசு ஒப்பவில்லை. மனைவி கயல் இறந்த பிறகு தோட்டத்து வீட்டில் அவரும் அந்த நாயும் போனும்தான். போனில் வந்ததையெல்லாம் நம்பினார். முஸ்லிம்களைத் திட்டி எழுத ஆரம்பித்தார்.

ஒவ்வொருவராக அவரை பிளாக் செய்தார்கள். கடைசிவரை பதில் சொன்னது உத்தமபாளையம் பழ வியாபாரி ஹனீபா மட்டும்தான். “உங்க ஆளுகளுக்கு இந்த மண்ணுல என்ன வேலை?” என்று கேட்டால், “எங்க பாட்டனை அடக்கினதும் இங்கனதாண்ணே. அது கிடக்கட்டும், சாப்பிட்டீகளா?” என்று வரும். எப்படித் திட்டினாலும் கடைசியில் அந்தக் கேள்வி இருக்கும். நக்கல் செய்கிறான் என்று சுருளிவேலுக்கு இன்னும் கோபம் ஏறும்.

இத்தனைக்கும் வருஷா வருஷம் அவர் தோட்டத்துப் பழத்தை ஏற்றிப் போவதே ஹனீபாதான். நேரில் மாமன், மாப்பிள்ளை முறை. வேங்கை யாரென்று அந்த மனுஷனுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பதில் சுருளிவேல் கவனமாக இருந்தார்.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்துப் பாண்டீஸ்வரன் தகவல் சொன்னார். முந்தின நாள் சாயங்காலமே ஹனீபாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்து, கேதம் கேட்க வந்தவர்களும் கலைந்த பிறகு, சுருளிவேல் மட்டும் வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹனீபாவின் மகள் ரஃபியா டீ கொண்டுவந்து வைத்தாள். கையில் அத்தாவின் போன். அதில் நாயின் படம், அதன் கீழே நேற்று ராத்திரி சுருளிவேல் அனுப்பிய வரி.

“இது அத்தா லாரியில குட்டியா வந்த நாய்தான மாமா. பார்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாக.”

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் குரலில் கோபமில்லை. “பிளாக் பண்ணுங்கன்னு நான்தான் தினமும் சண்டை போடுவேன்.”

“அத்தா என்னம்மா சொன்னாக?”

“‘தங்கச்சி கயலும் போயிருச்சு. நானும் பிளாக் பண்ணிட்டா மாப்ள யாருகூடத்தான் பேசுவாரு?’ன்னாக.”