குப்பைக்குப் போகாத பை

"அந்த பிளாஸ்டிக் பையைக் குப்பைல போட்டுட்டு உட்காருங்கம்மா" என்றார் பயிற்சியாளர் காலொயன்.

"போட மாட்டேன்" என்றாள் ஸ்லாவ்கா.

எங்கள் ஜாம் ஆலைக்குப் பசுமைச் சான்று வேண்டுமாம். ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பையாகிறவரை ஊருக்கு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று கணக்கிடக் கற்றுத்தர பல்கேரியத் தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்தார் அவர். அவர் தேர்ச்சி போட்டால்தான் ஸ்லாவ்காவுக்கு மேற்பார்வையாளர் வேலை.

"நான் துணிப் பை கொண்டு வரலையா? பார்த்துக் கத்துக்குங்க."

"துணிப் பையை நூறு தடவைக்கு மேல தூக்கினாதான் பிளாஸ்டிக்கை ஜெயிக்கும்னு நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க? பருத்தி அவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு? இது உங்களுக்கு எத்தனாவது தடவை?"

அவர் முகம் சிவந்தது. "மாநாட்டுல குடுத்தாங்க, இன்னிக்குத்தான் எடுத்தேன். அதுக்காக? உங்களோடது ஒரு தடவையில குப்பைக்குப் போற பை. வீசலைன்னா தேர்ச்சி கிடையாது."

"வேண்டாம், உங்க தேர்ச்சியை நீங்களே வெச்சுக்குங்க."

மதியத்துக்குப் பைக்குள் வைத்திருந்த பனித்சா அப்பத்தைப் பொட்டலத்தோடு எடுத்து மேசைமேல் வைத்தாள். பையை உதறி அவர் முன்னால் விரித்தாள். சோப்பு வாசம் அடித்தது. மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. மங்கிப்போன எழுத்தை அவர் குனிந்து படித்தார்.

'பிளவ்திவ் பொருட்காட்சி, 1988.'

"நீங்க பொறந்தது எந்த வருஷம் சார்?"

"தொண்ணூத்திரெண்டு" என்றார் மெல்ல.

"அப்ப இதுக்கு உங்களைவிட நாலு வயசு கூட. மரியாதையாப் பேசுங்க."