வாய் வழியாக மட்டும்

"ஒரு மாத்திரை கொடுக்கத் தெரியாது. நீங்கள்லாம் எதுக்கு நாய் வளர்க்குறீங்க?"

கால்நடை டாக்டர் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த பூனை ஒன்று கூடைக்குள் பதுங்கிக்கொண்டது. கணக்கு டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. வகுப்பில் அவரும் இதே தொனியில் பேசுகிறவர்தான். வாங்கிக் கட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

மேஜைமேல் டீச்சரின் நாய் குண்டன் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. அதற்கு இதயம் வீங்கியிருக்கிறது. தினமும் மாத்திரை உள்ளே போனால் இன்னும் சில வருஷம் ஓடியாடும். போகாவிட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது.

"துப்பிடுறான் டாக்டர். சாப்பாட்டுல கலந்து வச்சா, சாப்பாட்டை மட்டும் தின்னுட்டு மாத்திரையைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிடுறான். பேசாம தினம் ஒரு ஊசி போட்டுடுங்களேன்."

"மருந்து உள்ள போக எத்தனையோ வழி இருக்கு டீச்சர். தோலுக்கடியில, சதையில, நரம்புல, மூக்குல, முதுகுல தடவி, ஏன், பின்பக்கமாக்கூட. ஆனா இந்த மருந்து வாய் வழியா மட்டும்தான். நாம யாருன்னு நாய்க்குக் காட்டணும். இங்க பாருங்க."

டாக்டர் ஒரு கையால் குண்டனின் மேல்தாடையைத் தூக்கினார். மறு கையால் மாத்திரையைத் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்து, வாயை மூடி, கழுத்தைத் தடவிவிட்டார்.

"அவ்வளவுதான். முடிஞ்சது."

குண்டன் அவரையே பார்த்தது. பிறகு நிதானமாக வாயைத் திறந்து, மாத்திரையை அவருடைய செருப்பின்மேல் போட்டது.

மறுபடியும் முயன்றார். மறுபடியும் செருப்பு.

"ரொட்டிக்குள்ள ஒளிச்சுக் கொடுக்கட்டுமா டாக்டர்?" என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏமாத்துறதா? வாயில்லா ஜீவனை ஏமாத்துறது பாவம். என் க்ளினிக்ல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது!"

கோபத்தோடு கை கழுவப் போனவர், துடைத்துக்கொண்டு திரும்பும்போது குளிர்ந்திருந்தார். சொந்தக் கதை பேசினால் அவருக்குக் கோபம் போய்விடும்.

"எனக்கும்தான் போன வருஷம் ஒரு ஹார்ட் டாக்டர் சீட்டு எழுதினார். உசுரு இருக்கிறவரைக்கும் தினம் ஒரு மாத்திரையாம். கிழிச்சுப் போட்டுட்டேன். என் வீட்டுக்காரி அழுது பார்த்தா, சண்டை போட்டுப் பார்த்தா. நான் அசையலையே! போன வாரம் செக்கப்புக்குப் போனா, பிரஷர் சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்குன்னு அவரே அசந்துட்டார். எல்லாம் மன உறுதி டீச்சர்."

நாய்க்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா என்று டீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்தது. குண்டனுக்காக விழுங்கிக்கொண்டார்.

குண்டனோடு மருந்து கவுண்டர் இருந்த முன்னறைக்கு வந்தார். டாக்டரின் மனைவிதான் அங்கே எல்லாம். பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. இந்த அம்மாள் தினமும் கணவருக்குப் பழம் ஊட்டிவிடுவது வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கூத்து. நரைத்த தலைக்கு, நாலு பேர் எதிரே, ஊட்டல் ஒரு கேடு! இப்படித் தாங்கித் தாங்கித்தான் இந்த மனுஷன் தலைகால் புரியாமல் ஆடுகிறார்.

டாக்டரின் மனைவி உள்ளறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"அவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க டீச்சர். அமுக்கிப் பிடிச்சா எந்த ஜென்மமும் முரண்டுதான் பண்ணும். ரொட்டியைப் பிசைஞ்சு மூணு உருண்டை பிடிங்க. நடு உருண்டையில மட்டும் மாத்திரை. முதல்ல வெறும் உருண்டையைக் கொடுங்க. நம்பிடும். அடுத்தது மாத்திரை உருண்டை. அது வாய்க்குள்ள போனதுமே மூணாவதைக் கண்ணுக்கு எதிரே காட்டணும். அந்த ஆசையில, கடிக்காமகூட முழுங்கிடும்."

"கண்டுபிடிச்சிடாதா? இவன் ரொம்பப் புத்திசாலி."

"தன்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு நினைக்கிற ஜென்மமா இருந்தா இன்னும் சுலபம். முழுங்கினதும் தட்டிக்கொடுத்து 'சமத்து'ன்னு சொல்லிடுங்க. அப்பத்தான் நாளைக்கும் வாயைத் திறக்கும்."

கவுண்டருக்கு அடியிலிருந்து ரொட்டி வந்தது. மூன்று உருண்டைகள். முதலாவது போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதைக் கண்ட குண்டன், வாயிலிருந்ததை மடக்கென்று விழுங்கிவிட்டு அதற்குத் தாவியது. டீச்சர் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார், தரையெல்லாம் தேடினார். மாத்திரை எங்கேயும் இல்லை.

"சமத்துடா என் ராஜா!" என்று குண்டனைக் கட்டிக்கொண்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அங்க என்ன ரகசியம்?" என்று கேட்டபடி டாக்டர் வெளியே வந்தார்.

"ஒண்ணுமில்லைங்க. டீச்சருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்க, பழம் சாப்பிடுங்க."

தட்டில் மூன்று பேரீச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. டாக்டர் வாயைத் திறந்தார். முதல் பழம் போயிற்று.

"பாத்தீங்களா டீச்சர்? மனுஷனுக்குத் தேவை இந்த அன்புதான். மாத்திரையா தேவை?"

அந்த அம்மாள் இரண்டாவதை எடுத்தார். கொட்டை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பழம் டாக்டரின் வாய்க்குள் போன அதே வேகத்தில் மூன்றாவது அவர் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. டாக்டர் அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார்.

டீச்சர் குண்டனைப் பார்த்தார். குண்டன் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதையும் ஊட்டிவிட்டு, அந்த அம்மாள் கணவரின் தோளில் மெல்லத் தட்டினார்.

"சமத்து."